கிக்கன் ராண்டல்: ஸ்கீ வாழ்க்கை, கேன்சர், அதுக்கு அப்புறம் – அடிக்கடி கேக்குற கேள்விகள்

2018 வின்டர் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவுக்கு கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்ல முதல் கோல்டு வாங்கிக் கொடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தங்க கிக்கன் ராண்டல். அந்த ஃபினிஷ் வீடியோவைப் பாத்துட்டு இவங்களைப் பத்தி கேக்குறவங்க நிறைய பேர். இன்னொரு பக்கம், கேன்சர் சமயத்துல இவங்க பேரைக் கேள்விப்பட்டு தேடி வர்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேத்துதான் இது.

கேள்வி: முதல்ல, கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்னா என்ன? மலை மேல இருந்து சறுக்கி வர்றதா?

அது வேற, அதுக்குப் பேரு ஆல்பைன். இதுல லிஃப்ட் எல்லாம் கிடையாது, ஏத்தமோ இறக்கமோ சமதரையோ எல்லாத்தையும் உங்க கால்லயும் கையில இருக்குற ரெண்டு குச்சியிலயும்தான் கடக்கணும். ஸ்கீ ரொம்ப ஒல்லியா லேசா இருக்கும், பூட்டோட முன்பக்கம் மட்டும்தான் அதுல மாட்டியிருக்கும், குதிகால் தூக்க வரும். கையி, தோளு, வயிறு, தொடைன்னு உடம்பு மொத்தமும் ஒரே நேரத்துல உழைக்கிறதால நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இதைவிட கடுமையான விளையாட்டுங்க ரொம்ப கம்மி. ஃபினிஷ் லைன் தாண்டுன உடனே எல்லாரும் பனியில அப்படியே விழுந்து கிடப்பாங்க, நடிப்பு இல்ல, நிஜமாவே நிக்க முடியாது.

ரெண்டு ஸ்டைல் இருக்கு. கிளாசிக்னா பனியில வெட்டி வச்சிருக்குற ரெண்டு கோட்டுக்குள்ள நேரா போறது. ஃப்ரீஸ்டைல்னா ஸ்கேட்டிங் மாதிரி ரெண்டு பக்கமும் காலை விரிச்சு தள்ளிப் போறது. இந்த வித்தியாசத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, கிக்கன் கதையில பாதி இதுலதான் இருக்கு.

கேள்வி: இவங்க எந்த ஊரு, எப்படி இதுக்குள்ள வந்தாங்க?

1982 டிசம்பர் 31, சால்ட் லேக் சிட்டில பிறந்தாங்க, ஆனா வளந்தது எல்லாம் அலாஸ்காவுல ஆங்கரேஜ்ல. பல மாசம் பனி கிடக்குற ஊரு, ஊருக்குள்ளயே ஸ்கீ டிராக் இருக்கு, சாயங்காலம் லைட் போட்டு வச்சிருப்பாங்க. குடும்பத்துலயும் ஏற்கனவே ரத்தத்துல இருந்தது. அத்தை பெட்சி ஹெய்ன்ஸ் 1980லயும் மாமா கிறிஸ் ஹெய்ன்ஸ் 1976லயும் ஒலிம்பிக்ஸ்ல கிராஸ் கன்ட்ரி ஓட்டுனவங்க. ஆனாலும் கிக்கன் சின்ன வயசுல இறக்கத்துல போற ஆல்பைன்தான் பண்ணிட்டு இருந்தாங்க, அதோட ஓட்டம். ஹைஸ்கூல்ல குளிர்காலத்துலயும் ஓட்டத்துக்கான ஃபிட்னஸ் விட்டுப் போயிடக் கூடாதுன்னு கிராஸ் கன்ட்ரி பக்கம் வந்தவங்க அப்படியே அதுல தங்கிட்டாங்க.

கேள்வி: அது என்ன பேரு, கிக்கன்?

அப்பாவுக்கு கிகின்னு வைக்கணும்னு ஆசை. கிகி கட்டர்னு 1960கள்ல ஆல்பைன் வேர்ல்டு கப்ல ஜெயிச்ச அமெரிக்க வீராங்கனை, அவங்க நினைவா. அம்மாவுக்கு மேகன்னு வைக்கணும். ரெண்டையும் கலந்துட்டாங்க, அவ்வளவுதான்.

கேள்வி: அஞ்சு ஒலிம்பிக்ஸ்னு சொல்றாங்க, முதல் நாலுல என்ன ஆச்சு?

2002 சால்ட் லேக் சிட்டி, வயசு 19, ஸ்பிரின்ட்ல, அதாவது சில நிமிஷத்துல முடியிற குட்டி ரேஸ்ல, 44வது இடம். 2006 டூரின்ல அதே ஸ்பிரின்ட்ல 9வது. அமெரிக்கப் பொண்ணுங்க அதுவரைக்கும் ஒலிம்பிக்ஸ்ல பாத்திராத இடம் அது, ஆனா வெளியில யாருக்கும் தெரியாது, 9வதுக்கு யாரு நியூஸ் போடுவாங்க. 2010 வான்கூவர்ல 8வது, ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டுற டீம் ஸ்பிரின்ட்ல 6வது. 44, 9, 8, இப்படி எட்டு வருஷம். நம்ம ஊர்ல இந்த நம்பரைப் பாத்தா "விட்டுட்டு ஒரு நல்ல வேலைக்குப் போம்மா"ன்னு சொல்லியிருப்பாங்க, அங்கயும் சொல்லியிருப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்.

நடுவுல 2008ல இடது கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு போச்சு. அதைக் கண்டுபிடிச்சு, சிகிச்சை எடுத்து, சீசனுக்கான டிரெய்னிங் பாதி போச்சு. அதுக்கு அடுத்த வருஷம், 2009 பிப்ரவரில செக் நாட்டு லிபெரெட்ஸ்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல ஃப்ரீஸ்டைல் ஸ்பிரின்ட்ல சில்வர். உலக சாம்பியன்ஷிப்ல அமெரிக்கப் பொண்ணு ஒருத்தங்க வாங்குன முதல் கிராஸ் கன்ட்ரி மெடல் அது. என்னைக் கேட்டா இவங்க கேரியர்ல பெருசா பேசப்படாத ரொம்பப் பெரிய விஷயம் இந்த ஒரு வருஷம்தான்.

கேள்வி: 2014 சோச்சில ஜெயிச்சிருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்களே, என்னதான் நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். ஒலிம்பிக்ஸ்ல தனிநபர் ஸ்பிரின்ட் ஒரு தடவை கிளாசிக், அடுத்த தடவை ஃப்ரீஸ்டைல்னு மாறி மாறி வரும். கிக்கனோட பலம் ஃப்ரீஸ்டைல். 2010ல கிளாசிக். 2014ல ஃப்ரீஸ்டைல். அடுத்த ஃப்ரீஸ்டைல் 2022ல, அப்போ வயசு 39 ஆயிடும். அதாவது தனியா கோல்டு வாங்க அவங்க உச்சத்துல இருக்கும்போது கிடைச்ச ஒரே வாய்ப்பு சோச்சி. அந்த சமயம் ஃபார்மும் அப்படி இருந்தது. வேர்ல்டு கப்னா இதுல சீசன் முழுக்க ஊர் ஊரா நடக்குற ரேஸ் வரிசை, புள்ளியைக் கூட்டிப் பட்டம் கொடுப்பாங்க. 2012, 2013ன்னு தொடர்ந்து ரெண்டு சீசன் அதுல ஸ்பிரின்ட் பட்டம் அவங்க கையில, 2014 சீசன் முடிவுல மூணாவது பட்டமும் வந்தது. அமெரிக்காவுல பத்திரிகைக்காரங்க எல்லாம் மெடலை எழுதியே வச்சுட்டாங்க.

ஸ்பிரின்ட் எப்படி நடக்கும்னா, முதல்ல எல்லாரும் தனித்தனியா ஓட்டி டைம் போடணும், அதுல முதல் 30 பேரு குவார்ட்டர் ஃபைனல். ஆறு ஆறு பேரா அஞ்சு ஹீட். ஒவ்வொரு ஹீட்லயும் முதல் ரெண்டு பேரு மேல போவாங்க, மீதி இருக்குறவங்கள்ல நல்ல டைம் போட்ட ரெண்டு பேருக்கும் இடம் உண்டு. ஒரு ரேஸ் சுமார் மூணு நிமிஷம்தான், ஒரு தப்பு பண்ணா திருத்திக்க நேரம் கிடையாது. கிக்கன் குவார்ட்டர் ஃபைனல்ல நல்லாதான் முன்னாடி போயிட்டு இருந்தாங்க, கடைசி நேர்கோட்டுல காலு கனத்துப் போச்சு, பின்னாடி இருந்தவங்க தாண்டிட்டாங்க. ஒரு செகண்டுல நூத்துல அஞ்சு பங்கு, 0.05 செகண்ட், அந்த வித்தியாசத்துல வெளியேறிட்டாங்க. பலகையில 18வது இடம்.

அன்னிக்கு மைக் நீட்டுன எல்லாருக்கும் நின்னு பதில் சொல்லிட்டு, மீதி ஹீட்ல ஓடப் போற டீம்மேட்ஸுக்கு கத்தி உற்சாகப்படுத்தப் போயிட்டாங்க. அந்த டீமை அவங்கதான் வளத்தாங்க, அதனால அது எனக்கு ஆச்சரியமா படல.

கேள்வி: டீமை வளத்தாங்கன்னா? கோச் வேலையா பாத்தாங்க?

இல்ல, ஆனா இதுதான் இவங்களைப் பத்தி முக்கியமா தெரிஞ்சிருக்க வேண்டியது, கோல்டை விட இதுதான் பெருசுன்னு நான் நினைக்கிறேன்.

2006க்கு அப்புறம் கொஞ்ச காலம் அமெரிக்க தேசிய கிராஸ் கன்ட்ரி டீம்ல பொண்ணுங்கன்னு பாத்தா கிக்கன் ஒருத்தங்கதான். பணம் இல்ல, ரிசல்ட் இல்ல, அதனால பணம் இல்ல, இந்த சுத்துதான். ஐரோப்பாவுல சீசன் நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் ஓடும். நார்வே பொண்ணுங்களும் ஸ்வீடன் பொண்ணுங்களும் ரேஸ் முடிஞ்சா வீட்டுக்குப் போய் வருவாங்க, அமெரிக்காக்காரங்களுக்கு அப்படிப் போக முடியாது, மாசக்கணக்கா ஹோட்டல், பொட்டி, வேன். அதுல ஒரே பொண்ணா பசங்களோட சுத்துறது எவ்வளவு தனிமைன்னு யோசிச்சுப் பாருங்க.

அவங்க என்ன பண்ணாங்கன்னா, தனக்கு மட்டும் வசதி கேக்காம, கூட ஆளு வேணும்னு நின்னாங்க. மெதுவா ஒவ்வொருத்தரா வந்தாங்க, லிஸ் ஸ்டீஃபன், ஹாலி புரூக்ஸ், ஐடா சார்ஜென்ட், சேடி பியோர்ன்சென், அப்புறம் மினசோட்டாவுல இருந்து ஜெஸி டிகின்ஸ். பொண்ணுங்களுக்குன்னு கோச்சா மேட் விட்காம் வந்தாரு. ரிலே அன்னிக்கு எல்லாரும் முழங்கால் வரைக்கும் கோடு போட்ட சாக்ஸ், கன்னத்துல பெயின்ட், மினுமினுப்பு, கிக்கன் தலைமுடில பிங்க் கலர். விளையாட்டுத்தனமா தெரியும், ஆனா இன்னிக்கு யாருக்கு டைம் மோசமா இருந்தாலும் நாம ஒரே டீம்னு சொல்றதுக்கு அவங்க வச்சிருந்த வழி அது.

2012 நவம்பர்ல ஸ்வீடன் யெல்லிவாரேல வேர்ல்டு கப் ரிலே, புரூக்ஸ், ராண்டல், ஸ்டீஃபன், டிகின்ஸ், மூணாவது இடம். அமெரிக்கப் பொண்ணுங்க ரிலே போடியம் ஏறுனது அதுதான் முதல் தடவை. மூணு மாசம் கழிச்சு இத்தாலி வால் டி ஃபியெம்மேல உலக சாம்பியன்ஷிப் டீம் ஸ்பிரின்ட்ல கிக்கனும் ஜெஸியும் கோல்டு, நடு ரேஸ்ல ஜெஸியோட குச்சி உடைஞ்சு வேற குச்சி வாங்கிட்டு ஓடி ஜெயிச்ச ரேஸ் அது. அந்த சீசன் மொத்த வேர்ல்டு கப் கணக்குல கிக்கன் உலகத்துலயே 3வது.

கேள்வி: அலாஸ்காவுல வெயில் காலத்துல எங்க பிராக்டிஸ் பண்ணுவாங்க?

ரோலர் ஸ்கீன்னு சக்கரம் வச்ச ஸ்கீ இருக்கு, தார் ரோட்டுல ஓட்டுவாங்க. ஓட்டம், வெயிட், மலையேத்தம் எல்லாம் உண்டு. ஆனா கிக்கன் இருந்த அலாஸ்கா பசிபிக் யுனிவர்சிட்டி கிளப்புக்கு இன்னொரு விசேஷம் உண்டு, ஈகிள் கிளேசியர். கிர்ட்வுட் ஊருக்கு மேல ஒரு பனிப்பாறை, அங்க ஒரு டிரெய்னிங் சென்டர் கட்டி வச்சிருக்காங்க, ஹெலிகாப்டர்லதான் போகணும். ஜூன் ஜூலைலயும் பனி கிடக்கும். ஒரு வாரத்துக்கு சாப்பாட்டு சாமானோட ஏறிப் போய், காலைல ஒரு செஷன், தூக்கம், சாயங்காலம் ஒரு செஷன், ஸ்கீயைத் தேய்ச்சு வாக்ஸ் போடு, சமை, தூங்கு, இவ்வளவுதான் வாழ்க்கை. மேகம் இறங்கிட்டா பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாது, ஹெலிகாப்டரும் வராது, மூட்டையைக் கட்டிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கோச் எரிக் ஃப்ளோரா. இந்த இடத்துல தயாரானவங்க எத்தனையோ பேரு அமெரிக்க டீமுக்கு போயிருக்காங்க.

கேள்வி: குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்தாங்களா?

ஆமா. 2016 ஏப்ரல்ல மகன் பிறந்தான். அதே சமயத்துல வேர்ல்டு கப்ல இருந்த இன்னும் மூணு பேரும் அம்மா ஆனாங்க, நார்வேயோட மாரிட் பியோர்கன், ஃபின்லாந்தோட ஐனோ-கைசா சாரினென், ஸ்லோவேனியாவோட காட்யா விஷ்னார். இவங்க எல்லாம் சேந்து, ரேஸ் நடக்குற இடத்துல குழந்தைங்களுக்கு ஒரு ரூம் கொடுங்கன்னு கேட்டாங்க, பால் கொடுக்க, தூங்க வைக்க, அம்மா டிராக்ல இருக்கும்போது யாராவது வச்சிட்டு இருக்க. கேக்குறதுக்கு சாதாரண விஷயம். அதுவரைக்கும் பனியில நின்னு வேனுக்குள்ள சமாளிக்கணும், அவ்வளவுதான் ஏற்பாடு.

பிரசவம் ஆகி பத்து மாசத்துல, 2017 பிப்ரவரில ஃபின்லாந்து லாஹ்டி உலக சாம்பியன்ஷிப் ஸ்பிரின்ட்ல பிரான்ஸ். அதே ரேஸ்ல ஜெஸிக்கு சில்வர். பொண்ணுங்களுக்கு குழந்தை பிறந்தா விளையாட்டு முடிஞ்சதுன்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க, அவங்களுக்கு இந்த ஒரு ரிசல்ட்டைக் காட்டுங்க. 2018 ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க டீமுக்குள்ள இருந்த ஒரே அம்மா இவங்கதான், அப்பாக்கள் மட்டும் நிறைய பேர் இருந்தாங்க.

கேள்வி: 2018 பியாங்சாங் கோல்டு எப்படி வந்தது?

முன்னாடி சொன்ன கணக்கு இங்க வருது. இந்தத் தடவை தனிநபர் ஸ்பிரின்ட் கிளாசிக், டீம் ஸ்பிரின்ட் ஃப்ரீஸ்டைல். அதனால கிக்கனுக்கு இருந்த நல்ல வாய்ப்பு டீம் ஸ்பிரின்ட் ஒண்ணுதான், அதுலயும் டீம்ல இப்ப நிறைய நல்ல ஆளுங்க இருந்தாங்க, இவங்களைத்தான் போடணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. தனியா இருந்த ஆளு கஷ்டப்பட்டு சேத்த டீம்லயே அவங்களுக்கு இடத்துக்குப் போட்டி, இதை விட நல்ல அடையாளம் வேற என்ன வேணும்.

பிப்ரவரி 21 ராத்திரி. ஒரு சுத்து சுமார் 1.25 கிலோமீட்டர், ஒருத்தருக்கு மூணு சுத்து, மாத்தி மாத்தி, மொத்தம் ஆறு. கிக்கன் 1, 3, 5. ஜெஸி 2, 4, 6. கிக்கன் கூட அதே சுத்துங்கள்ல வந்தவங்க யாருன்னு பாருங்க, நார்வேக்கு மாரிட் பியோர்கன், ஸ்வீடனுக்கு ஷார்லட் கல்லா. அன்னிக்கு வாங்குன பிரான்ஸோட பியோர்கனுக்கு 14 ஒலிம்பிக் மெடல், வின்டர் ஒலிம்பிக்ஸ் வரலாத்துலயே அதிகம். அந்த ரெண்டு பேரு பின்னாடி 35 வயசுல ஒட்டிக்கிட்டே போய், மூணு டீமும் மத்தவங்களை விட்டுட்டு முன்னாடி போற மாதிரி பாத்துக்கிட்டு, கடைசியா கை மாத்துறப்போ ஜெஸியை மெடலுக்கான போட்டிக்குள்ள நிறுத்திட்டாங்க. கடைசி சுத்துல நார்வேயோட மைக்கென் ஃபல்லா, ஸ்வீடனோட ஸ்டினா நில்சன், ஜெஸி மூணு பேரும். ஜெஸி மூணாவதா மேட்டுல ஏறி, இறக்கத்துல வேகம் எடுத்து, கடைசி வளைவுல வெளிப்பக்கமா வந்து, ஃபினிஷ் லைன்ல காலை நீட்டி 0.19 செகண்டுல ஸ்வீடனைத் தாண்டிட்டாங்க.

அமெரிக்காவுக்கு இந்த விளையாட்டுல முதல் கோல்டு, பொண்ணுங்களுக்கு முதல் மெடல். அதுக்கு முன்னாடி மொத்தமா இருந்தது ஒரே ஒரு மெடல், 1976ல பில் கோச் 30 கிலோமீட்டர்ல வாங்குன சில்வர். 42 வருஷ இடைவெளி. சோச்சில 0.05ல போனது, இங்க 0.19ல வந்தது.

கேள்வி: உடனே ரிட்டயர் ஆயிட்டாங்களா?

அந்த சீசன் முடிஞ்சதும். ஏற்கனவே இதுதான் கடைசின்னு முடிவு பண்ணிட்டுதான் வந்திருந்தாங்க. ரேஸுக்கு அடுத்த நாளே இன்னொரு சேதி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டில வீரர்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்குற வீரர்கள் குழுவுக்கு இவங்களும் ஃபின்லாந்து ஹாக்கி வீராங்கனை எம்மா டெர்ஹோவும் ஜெயிச்சுட்டாங்க. 8 வருஷப் பதவி, முழுசா இருக்கல, நடுவுல விலகிட்டாங்க. குடும்பத்தோட கனடாவுல பென்டிக்டன்ங்கற ஊர்ல குடியேறி கொஞ்சம் நிதானமா இருக்கலாம்னு பிளான்.

கேள்வி: கேன்சர் எப்போ தெரிஞ்சது, இப்ப எப்படி இருக்காங்க?

2018 மே மாசம், கோல்டு வாங்கி மூணு மாசம்கூட ஆகல. மார்புல பட்டாணி அளவுல ரெண்டு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. தானாவே கண்டுபிடிச்சாங்க. வயசு 35, குடும்பத்துல பெருசா யாருக்கும் இல்ல, உலகத்துலயே ரொம்ப ஃபிட்டான பொண்ணுங்கள்ல ஒருத்தங்க, தள்ளிப்போட எல்லாக் காரணமும் இருந்தது. தள்ளிப்போடாம டெஸ்ட் எடுத்தாங்க. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் ஸ்டேஜ். ஜூலைல வெளிய சொன்னாங்க. சிகிச்சை சொந்த ஊர் ஆங்கரேஜ்ல, ஆறு ரவுண்டு கீமோ, அப்புறம் ஆபரேஷன், ரேடியேஷன், அதுக்கு மேல மருந்து, மொத்தத்துல அடுத்த வருஷம் வரைக்கும் இழுத்தது. சிகிச்சை முடிஞ்சு நல்லபடியா மீண்டுட்டாங்க.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம வீட்டுப் பொண்ணுங்க கட்டி தட்டுப்பட்டா மாசக்கணக்குல யார்கிட்டயும் சொல்றதில்ல, கூச்சம், "ஒண்ணும் இருக்காது", "புள்ளைங்க பரீட்சை முடியட்டும்". தயவுசெஞ்சு அப்படி வைக்காதீங்க. வலி இல்லாத கட்டிதானேன்னு விடாதீங்க, வலி இல்லாததும் கேன்சரா இருக்கலாம். பெரும்பாலான கட்டி சாதாரணக் கட்டிதான், ஆனா அதை டாக்டர் சொல்லட்டும். அக்கா தங்கச்சி யார்கிட்டயாவது சொல்லிட்டு அந்த வாரமே போங்க.

கேள்வி: கீமோ எடுக்கும்போதே எக்சர்சைஸ் பண்ணாங்களாமே, அது சரியா?

பண்ணாங்க. முதல் கீமோவுக்கே சைக்கிள் ஓட்டிட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஆனா இதை வச்சு "பாரு அவங்க எப்படி இருந்தாங்க, நீ ஏன் படுத்திருக்க"ன்னு வீட்டுல யாரையும் பேசிடாதீங்க, அது பெரிய பாவம். அவங்களே தனக்கு வச்சுக்கிட்ட குறி என்னன்னா, எவ்வளவு முடியாத நாளா இருந்தாலும் ஒரு பத்து நிமிஷமாவது உடம்பை அசைக்கணும், அவ்வளவுதான். ஒலிம்பிக் சாம்பியனுக்கே பத்து நிமிஷம்தான் கணக்கு.

மருத்துவ ரீதியா பாத்தாலும், கேன்சர் சிகிச்சைல வர்ற அந்த பயங்கரமான களைப்பைக் குறைக்க மிதமான நடை, லேசான எக்சர்சைஸ் உதவுதுன்னு இப்ப டாக்டர்களே சொல்றாங்க. முன்னாடி எல்லாம் முழு ரெஸ்ட்னுதான் சொல்லுவாங்க. ஆனா ரத்த அணு எண்ணிக்கை குறைஞ்சிருக்கலாம், எலும்புல பிரச்சனை இருக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும், அதனால உங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. வீட்டு மாடில பத்து நிமிஷம் நடந்தா அதுவும் கணக்குதான்.

கேள்வி: மாரத்தான் ஓடுனாங்கன்னு படிச்சேன், நிஜமா?

நிஜம். 2019 நவம்பர் 3, நியூயார்க் மாரத்தான், 2 மணி 55 நிமிஷம். மூணு மணி நேரத்துக்குள்ள மாரத்தான் முடிக்கறதுங்கறது வருஷக்கணக்கா ஓடுறவங்களுக்கே பெரிய கனவு, இவங்க சிகிச்சை முடிஞ்ச அதே வருஷம் ஓடுனாங்க. ஓடுனது ஆக்டிவ் அகெய்ன்ஸ்ட் கேன்சர் அமைப்புக்கு நிதி திரட்ட. அதைத் தொடங்குனவங்கள்ல ஒருத்தங்க நார்வேயோட கிரேட்டே வைட்ஸ், நியூயார்க் மாரத்தானை 9 தடவை ஜெயிச்சவங்க, 2011ல கேன்சர்ல இறந்துட்டாங்க. சிகிச்சையோட ஒரு பாகமா எக்சர்சைஸும் இருக்கணும்ங்கறதுதான் அந்த அமைப்போட வேலையே.

கேள்வி: ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் பண வசதி எப்படி? கோல்டு வாங்குனா கோடி கோடியா கிடைக்குமே?

கிராஸ் கன்ட்ரில அப்படி இல்ல. நார்வேல இந்த விளையாட்டுக்காரங்க ஸ்டார், அமெரிக்காவுல இல்ல. அங்க பாதிப் பேரு சீசனுக்கான டிக்கெட் காசுக்கே நிதி திரட்டணும், ஸ்பான்சர் பின்னாடி அலையணும். கிக்கனுக்கு மெடலுக்கு அப்புறம் மேடைப் பேச்சு, விளம்பரத் தூதர் வேலை எல்லாம் வந்தது, ஆனா சம்பாதிச்சு உக்காந்து சாப்பிடற அளவுன்னு நினைச்சுக்காதீங்க.

கேள்வி: இப்ப என்ன பண்றாங்க?

ஆங்கரேஜுக்கே திரும்பி வந்து, அந்த ஊரோட நார்டிக் ஸ்கீயிங் (கிராஸ் கன்ட்ரி வகை) அசோசியேஷனை நடத்துற நிர்வாகப் பொறுப்புக்கு வந்தாங்க. பேரு பெருசா இருக்கு, ஆனா வேலை ரொம்ப தரையில இறங்கிப் பாக்குற வேலை. ராத்திரியில மெஷின் விட்டு டிராக்கைச் சமப்படுத்தணும், பனி கம்மியான வருஷம் என்ன பண்றதுன்னு யோசிக்கணும், வாலன்டியர்ஸைச் சேக்கணும், ஸ்கூல் பசங்க ரேஸுக்கு ஏற்பாடு பண்ணணும், நன்கொடை கேட்டு நடக்கணும். தான் சின்னப் பொண்ணா இருந்தப்போ ஓட்டுன அதே கின்கெய்ட் பார்க், ஹில்சைடு டிராக்குங்க. மெடல் வாங்குனவங்க பல பேரு டிவிக்குப் போவாங்க, இவங்க டிராக் போடுற இடத்துக்கு வந்திருக்காங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

இதோட ஃபாஸ்ட் அண்ட் ஃபீமேல்னு ஒரு அமைப்பு, 2006 ஒலிம்பிக் ஸ்பிரின்ட் சாம்பியன் கனடாவோட சந்திரா கிராஃபோர்டு ஆரம்பிச்சது, வளர்ற வயசுப் பொண்ணுங்க விளையாட்டை விட்டுடாம இருக்கணும்னு. அதோட அமெரிக்கக் கிளைக்கு கிக்கன் ரொம்ப நாள் தலைமையா இருந்தாங்க, இன்னும் ரேஸ் ஓட்டிட்டு இருந்தப்பவே.

கேள்வி: அவங்க ரிட்டயர் ஆன பிறகு அமெரிக்க டீம் என்ன ஆச்சு?

இன்னும் மேல போச்சு. ஜெஸி டிகின்ஸ் 2021லயும் 2024லயும் மொத்த வேர்ல்டு கப் பட்டமே வாங்கிட்டாங்க, 2022 பெய்ஜிங்ல தனியா ஒரு சில்வர், ஒரு பிரான்ஸ். கூடவே இன்னும் சின்னப் பொண்ணுங்க வந்துட்டே இருக்காங்க, அதே கோடு போட்ட சாக்ஸ் போட்டுக்கிட்டு.

கேள்வி: 2018 ரேஸை இப்பப் பாக்கணும்னா எதைக் கவனிக்கணும்?

எல்லாரும் கடைசி நூறு மீட்டரை மட்டும் பாக்குறாங்க. ஒலிம்பிக்ஸ் காரங்களே போட்ட முழு வீடியோ கிடைச்சா அதைப் பாருங்க. அஞ்சாவது சுத்துக்கு வந்ததும் ஜெஸியை மறந்துட்டு கிக்கனை மட்டும் பாருங்க. மேட்டுல பியோர்கனும் கல்லாவும் வேகம் கூட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன இடைவெளி விழும், அதை அவங்க எப்படி மூடுறாங்கன்னு கவனிங்க, தோள் ஆட ஆரம்பிச்சிடும், ஆனா கால் அடி மட்டும் நீளம் குறையாது. கை மாத்துற இடத்துல ஜெஸியைத் தொட்டதும் என்ன ஆகுறாங்கன்னு பாத்துட்டு, அப்புறம் கடைசி சுத்துக்குப் போங்க.